பொறுமைக்குப் பலன் உண்டா? மகேந்திரகிரியை முன்வைத்து ஒரு பதில்

பல ஆண்டுகள் பொறுமையாக உழைத்தால் பலன் கிடைக்கும் என்பது உண்மையா, தோற்றவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்லப்படுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை என்றே கருதுகிறேன். ஆனால் எப்படிப்பட்ட பொறுமை என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது இந்தியாவின் கிரையோஜெனிக் எஞ்சின்.

எடை மிகுந்த செயற்கைக்கோள்களை உயரமான சுற்றுப்பாதைக்கு அனுப்ப, ராக்கெட்டின் மேல் அடுக்கில் திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் இந்த எஞ்சின் பெரிதும் உதவும். முதலாவது மைனஸ் 253 டிகிரியிலும் அடுத்தது மைனஸ் 183 டிகிரியிலும் கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், அந்தக் கடுங்குளிரிலேயே பம்புகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்றாக வேண்டும். இத்தொழில்நுட்பத்தைப் பெற 1991-இல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. ஏவுகணைத் தொழில்நுட்பப் பரவலைக் காரணம் காட்டி 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. மறு ஆண்டு ரஷ்யா தொழில்நுட்பம் தருவதிலிருந்து பின்வாங்கி, ஆயத்த அடுக்குகளை மட்டும் விற்க இசைந்தது. வந்து சேர்ந்தவை ஏழு.

இந்த ஏழையும் இஸ்ரோ பயன்படுத்திய விதத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருப்பதாக நினைக்கிறேன். 1994-இல் சொந்த எஞ்சினுக்கான திட்டம் தொடங்கியது; அது முடியும்வரை ராக்கெட்டை முடக்கி வைக்காமல், ரஷ்ய அடுக்கைப் பொருத்தி 2001 ஏப்ரலில் முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட்டை ஏவினார்கள். அதனால் சொந்த எஞ்சின் தயாராவதற்குள் ராக்கெட்டின் மற்றப் பாகங்கள் பறந்து பழகின. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியிலோ தரைச் சோதனைகள் தொடர்ந்தன. 2007 நவம்பரில் உள்நாட்டு அடுக்கு 720 நொடிகள் இடைவிடாமல் எரிந்து காட்டியது.

அதன் பிறகும் 2010 ஏப்ரல் 15 அன்று உள்நாட்டு அடுக்கின் முதல் பயணம் தோற்றது. எஞ்சினுக்கு ஹைட்ரஜனை ஊட்டும் துணைப் பம்பு, எரியத் தொடங்கிய சற்று நேரத்திலேயே நின்றுபோனது. அதே டிசம்பரில் ரஷ்ய அடுக்கைச் சுமந்து சென்ற இன்னொரு ஜிஎஸ்எல்வியும் வெடித்துச் சிதறியது. அந்த ஆண்டோடு திட்டத்தைக் கைவிட்டிருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர்களோ பம்பின் வடிவமைப்பைத் திருத்தி, விண்வெளியில் இருப்பதைப் போன்ற வெற்றிடச் சூழலை மகேந்திரகிரியில் உருவாக்கி, எஞ்சின் அங்கே பற்றுகிறதா என்று சோதித்தார்கள். 2013 ஆகஸ்டில் ஏவுவதற்குச் சற்றொப்ப ஒன்றேகால் மணி நேரமே இருந்தபோது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. ஏவுதலை நிறுத்தி, வேறு உலோகக் கலவையால் ஆன தொட்டியுடன் அந்த அடுக்கையே புதிதாக மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 அன்று உள்நாட்டு எஞ்சினின் உந்துதலில் ஜிசாட்-14 செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எது பழுதானது என்று கண்டறிந்து, அதை மட்டும் தனியே சோதித்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போனார்கள். நான் பொறுமை என்று சொல்வது இதைத்தான். ஒரே தேர்வை ஒரே விதமாகப் படித்து ஆண்டுதோறும் எழுதுபவரிடமும் விடாமுயற்சி இருக்கிறது, ஆனால் அவருக்கும் இதே பலன் கிட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: அந்தப் பொறியாளர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது, தோல்விகளின் செலவை அரசு ஏற்றது. தனி மனிதருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நீங்கள் எதில் ஆண்டுக்கணக்காக இறங்கினாலும் அன்றாடச் செலவுக்கு ஒரு வழியை முதலில் செய்துகொள்ளுங்கள்.

பலன் யாருக்குக் கிடைக்கும் என்பதும் தனிக் கேள்வி. 1994-இல் நாற்பது வயதில் இத்திட்டத்தில் சேர்ந்த ஒருவருக்கு 2014-இல் ஓய்வு பெறும் வயது. 2023-இல் சந்திரயான்-3ஐ அனுப்பியது வேறு வடிவமைப்பு கொண்ட, பெரிய உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சின். அவர் அதைப் பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்.