பூட்டிய வீடு, காப்பீட்டு அட்டை, இலவச மாத்திரை: சுகாதார ஆய்வாளரிடம் கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரசின் சுகாதாரத் திட்டங்கள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கானாடுகாத்தான் வீடு, இப்போது சென்னை): அண்ணே, பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டைத் திறந்து காட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டில் கொசுப்புழு பார்க்க இவர்களுக்கு அதிகாரம் உண்டா?

பதில்: உண்டு தம்பி. 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்தது, இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். அதில் கொசு ஒழிப்புக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து உங்களைச் சரிசெய்யச் சொல்லலாம், நீங்கள் செய்யாவிட்டால் அவர்களே செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வசூலிக்கலாம். அன்றைக்கு மலேரியாவை நினைத்து எழுதியது, இன்றைக்கு டெங்குவுக்கும் அதே சட்டம்தான் கை கொடுக்கிறது.

டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடாது, நல்ல தண்ணீரைத்தான் தேடும். நம் ஊர் வீடுகளை யோசித்துப் பாருங்கள்: திறந்த முற்றம், பின்கட்டில் கவிழ்க்காமல் விட்ட அண்டா, ஆட்டுக்கல் குழி, சருகு அடைத்த ஓட்டுத் தகரம், மூடி இல்லாத மேல்தொட்டி. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் போதும், புழு கொசுவாகிவிடும். முட்டை காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அந்தக் கொசு அதிக தூரம் பறப்பதில்லை, அதனால் உங்கள் வீட்டில் உற்பத்தியாவது கடிக்கப்போவது பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான். பங்காளிகள் பத்துப் பேருக்குச் சொந்தமான வீடு என்றால் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது, நான் வேலை பார்த்த காலத்தில் என்னை அதிகம் வருத்திய விஷயம் இது. ஊரில் இருக்கும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் டிபிசி பணியாளர்கள் வந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (தேவகோட்டை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): 1983, 2002, 2017 என்று மூன்று தேசிய சுகாதாரக் கொள்கைகள். ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

பதில்: நோய் மாறுகிறது, அறிவு மாறுகிறது, அதனால்தான். 1946-ல் வந்த, சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழுவின் அறிக்கைதான் அடித்தளம். அதை ஒட்டி 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. ஆரம்ப சுகாதாரம் பற்றி 1978-ல் நடந்த அல்மா ஆட்டா உலக மாநாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் அடிப்படை மருத்துவம் என்ற நோக்கத்தோடு 1983 கொள்கை வந்தது. 2017-க்கு வரும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை பெரிய சுமையாகிவிட்டன, கொள்கையும் அந்தப் பக்கம் திரும்பியது. 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று அதில் எழுதினார்கள், எட்டவில்லை. தேர்வுக்கு ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யாமல் இந்த இடைவெளியையும் கவனியுங்கள்.

அறிவு மாறியதற்குச் சென்னையே சாட்சி. காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதன் பிறகு உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது.

கேள்வி (பள்ளத்தூர் ஆச்சி ஒருவருக்காக அவர் பேத்தி): வீட்டுக்கு வந்து கொடுக்கும் பிபி, சுகர் மாத்திரையில் சக்தி குறைவு என்று ஆச்சி சாப்பிட மறுக்கிறார்கள்.

பதில்: தைரியமாகச் சாப்பிடச் சொல்லுங்கம்மா. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய பிறகு மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள், மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். விலை குறைவது மொத்தமாக வாங்குவதால்தான், மருந்தைக் குறைப்பதால் இல்லை. தனியாரில் எழுதிய மாத்திரையையும் இதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (காரைக்குடி): ஐந்து லட்சத்துக்குக் காப்பீட்டு அட்டை இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் இவ்வளவு செலவு? அந்தப் பணத்தையும் அட்டையில் போடலாமே.

பதில்: இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 2009-ல் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது வரை அதனால் நகை, நிலம் விற்காமல் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேசும். சர்க்கரை ஏறி, சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் என்று வந்த பிறகு பணம் கட்டும், அதற்கு முன்பு பத்து வருடம் மாதாமாதம் மாத்திரை கொடுத்து அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது நர்ஸம்மாவும் துணை சுகாதார நிலையமும்தான். 2021 ஆகஸ்டில், வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபோது நான் மகிழ்ந்தது அதனால்தான். அந்தப் பணத்தைப் பிடுங்கி அட்டையில் போட்டால் அறுவைச் சிகிச்சைகள் கூடும், நோயாளிகள் குறைய மாட்டார்கள்.

கேள்வி (கோட்டையூர்): யாரைக் கேட்டாலும் சிசேரியன். எங்கள் காலத்தில் இப்படி இல்லையே?

பதில்: உங்கள் காலத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இறந்ததையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இரவிலும் நர்ஸ் இருக்கும் சுகாதார நிலையங்கள், 108 வண்டி, புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி எல்லாம் சேர்ந்து, ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். அது பெரிய வெற்றி. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் 63.8. இது நிச்சயமாக அதிகம். பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவரத் திட்டம் போட்ட அளவுக்கு, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கத் திட்டம் போடவில்லை. ஏன் தேவை என்று டாக்டரிடம் காரணம் கேளுங்கள். நாள், நட்சத்திரம் பார்த்து நீங்களே கேட்டு வாங்காதீர்கள், அதுவும் நடக்கிறது.

கேள்வி (குன்றக்குடி): அப்பச்சி காலத்தில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் சொல்வார்கள். மருந்து கண்டுபிடித்துத்தான் ஒழித்தார்களா?

பதில்: மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இறங்கி மொள்ளும் கிணறு, குளத்துத் தண்ணீரில் இருக்கும் நுண்ணிய பூச்சி வழியாக உடலுக்குள் போகும் கினிப் புழுவால் வந்தது அது. தமிழ்நாட்டிலும் இருந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள், புண்ணோடு தண்ணீரில் இறங்காதே என்றார்கள், அடிகுழாய் போட்டார்கள், தண்ணீரில் டெமிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஊற்றினார்கள் (இப்போது தொட்டியில் கொசுப்புழுவுக்கு ஊற்றும் அபேட் அதுதான்). 1996-ல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி, 2000-ல் இந்தியா விடுபட்டதாகச் சான்று. ஊரணியில் தண்ணீர் எடுக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. ஊரணிக்கு வேலி போட்டு, யாரும் காலை நனைக்காமல் காக்கிறீர்களே, அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடாதீர்கள், நோய்த் தடுப்பில் அதற்கும் இடம் உண்டு.

கேள்வி (பலர்): எங்கள் சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை, ஆள் இல்லை. யாரிடம் சொல்வது?

பதில்: முதலில் அரசின் சுகாதார உதவி எண் 104-க்குக் கூப்பிடுங்கள். அப்புறம் கிராம சபை. எத்தனை நாள் எந்த மாத்திரை இல்லை, எந்தப் பணியிடம் காலி என்று தேதியோடு எழுதிக்கொண்டு போய், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி நகல் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும், தீர்மானம் எழுத்தில் நிற்கும்.