கிரியேட்டினின் பயத்துக்குச் சீகோங் உதவுமா?

வணக்கம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ரத்தப் பரிசோதனையில் 1.6 என்று வந்ததிலிருந்து நடுராத்திரியில் திடுக்கென்று விழிப்பதாகவும், பிரஷர் மாத்திரை சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சீகோங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சியைச் செய்தால் அந்த எண் இறங்கும் என்று நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பயத்துக்குச் சீகோங் நல்ல துணை, தாராளமாகச் செய்யலாம்.

சீன மருத்துவம் சிறுநீரகத்தையும் பயத்தையும் சேர்த்தே பார்க்கிறது. சீகோங்கில் பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுகளில் ஆறாவது, சிறுநீரகத்துக்கும் இடுப்புக்கும் உரியது. தோள் அகலத்துக்குக் காலை வைத்து நில்லுங்கள். இரு உள்ளங்கைகளையும் முதுகுத்தண்டின் இருபுறமும் வைத்து, அழுத்தித் தேய்த்தபடி இடுப்பு, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை குனிய வேண்டும். அப்புறம் கைகள் முன்னே போக, அவற்றைத் தொடர்ந்து உடம்பு நிமிரும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையைத் தொங்கவிட வேண்டாம், சட்டென்று நிமிரவும் வேண்டாம். தலை சுற்றும்.

ராத்திரி விழித்தால் எழுந்து நிற்காதீர்கள். கட்டிலில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து விளக்கை ஊதுவதுபோல மெதுவாக மூச்சை விடுங்கள். ஆறு ஒலிகளோடு மூச்சை விடும் சீகோங் முறையான ஆறெழுத்து மூச்சுப் பயிற்சியில், சிறுநீரகத்துக்கான 'ச்சுவெய்' ஒலி இதுதான். வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு தணியும், நெஞ்சுப் படபடப்பும் அடங்கும்.

கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ பயிற்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். முதுகுவலிக்கு நீங்களாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.