பட்டறை பதில்கள்: புல்லட் டேங்க் கழுத்துல கசிவு

சார், எங்க அப்பா காலத்து புல்லட் 350, எழுபதுகள்ல வாங்கினது. டேங்க் மூடி உக்கார்ற கழுத்தைச் சுத்தி பெட்ரோல் கசியுது. சைடு ஸ்டாண்ட்ல நிறுத்தினா இடது பக்கமா வழிஞ்சு பெயிண்ட்டே உப்பிப் போச்சு. எபாக்ஸி பசை வச்சு அடைச்சோம், கொஞ்ச நாள்ல உதிர்ந்துடுச்சு. மெக்கானிக் டேங்கையே மாத்திடுங்கன்னு சொல்றாரு. கம்பெனில கையால இழுத்த தங்கக் கோடு இன்னும் அழகா இருக்கு, மாத்த மனசு வரல. கழுத்தை மட்டும் சரி பண்ண முடியுமா?
*வாசகர், ஈரோடு*

மாத்தாதீங்க. திருவொற்றியூர் ஃபாக்டரில பிரஷ் பிடிச்சு இழுத்த கோடு அது, இன்னைக்கு எந்தப் பெயிண்டர்கிட்ட குடுத்தாலும் அந்த ஓட்டம் வராது. கழுத்து தனியா ரிப்பேர் ஆகும். ஆனா அதுக்கு முன்னாடி கசியறது கழுத்தா மூடியான்னு தெரியணும், பாதிப் பேரு இதைப் பாக்காமலேயே வெல்டருகிட்ட ஓடறாங்க.

டேங்க் வாயை நல்லா துடைச்சுக் காய வச்சுட்டு கழுத்து டேங்க் தகட்டோட சேர்ற இடத்தைச் சுத்தி சாக்பீஸால அழுத்தித் தேய்ங்க, மூடி ஓரத்துலயும் தேய்ங்க. பெட்ரோலை கழுத்து வரைக்கும் ஊத்தி மூடிட்டு சைடு ஸ்டாண்ட்ல விட்டுடுங்க. எந்த இடத்து சாக்பீஸ் முதல்ல நனைஞ்சு கருக்குதோ அங்கதான் ஓட்டை. மூடி ஓரம் மட்டும் நனைஞ்சா உங்க செலவு ஒரு வாஷரோட முடிஞ்சுது.

கழுத்தோட அடிதான் நனையுதுன்னா அங்க முடி மாதிரி ஒரு கீறல் இருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. அந்தக் கீறல் ஏன் வந்துச்சுன்னு கேட்டா பெரும்பாலும் மூடிதான் காரணம். அமுக்கிக் கால் சுத்து திருப்பற மூடில ரெண்டு காது இருக்கும், அது கழுத்துக்கு உள்ள இருக்கற சரிவுல ஏறி உக்காந்து வாஷரை அழுத்திப் பிடிக்கும். வாஷர் தேஞ்சு மூடி லூசானதும் நம்மாளு சைக்கிள் டியூபை வட்டமா வெட்டி உள்ள வைப்பான், பெட்ரோல் பட்டதும் டியூப் ரப்பர் ஊதிடும், அப்புறம் மூடி திருப்ப ரெண்டு கையும் போட்டு நெஞ்சை வச்சு அழுத்தணும், தினம் இந்தக் குத்தாட்டம் நடந்தா பழைய தகடு எவ்வளவு நாள் தாங்கும். பங்க்ல நாசில் மொத்தக் கனத்தையும் கழுத்து மேல சாய்ச்சு வைக்கறது தனிக் கதை. அதனால மூடியைச் சரி பண்ணாம கழுத்தை மட்டும் பத்த வச்சா மறுபடியும் அதே இடத்துல விடும்.

இப்ப வேலைக்கு வருவோம். இதை வீட்ல செய்யாதீங்க, டேங்க் வேலை தெரிஞ்ச ஆளுகிட்டதான் குடுக்கணும், ஆனா அவரு என்ன செய்யறாருன்னு பக்கத்துல நின்னு பாருங்க. காலி டேங்க்தானே ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னா அந்தப் பட்டறையை விட்டு உடனே கிளம்பிடுங்க. நிரம்பின டேங்கை விட காலி டேங்க்தான் ஆபத்து. காத்துல நூத்துக்கு ஒண்ணரை பங்குல இருந்து ஏழரை பங்கு வரைக்கும் பெட்ரோல் ஆவி கலந்திருந்தா பத்திக்கும், மைனஸ் நாப்பது டிகிரி குளிர்லயே பெட்ரோல் அந்த அளவு ஆவி விடும், நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேணாம். ஆவி காத்தை விட கனம், மேல வாயைத் திறந்து வச்சா தானா போயிடாது. துரு செதில்ல, தையல் இடுக்குல, பழைய பசைக்கு அடியில ஒளிஞ்சு உக்காந்திருக்கும், சூடு பட்டதும் வெளிய வரும்.

அதனால டேங்க் அடியில இருக்கற பெட்ரோல் டேப்பைக் கழட்டி, சோப்புத் தூள் போட்ட வெந்நீர்ல திரும்பத் திரும்ப அலசி, ராத்திரி முழுக்க தண்ணி நிரப்பி வச்சு, மறுநாள் மறுபடி அலசணும். பத்த வைக்கும்போது டேப் ஓட்டையை அடைச்சு தண்ணியை நிரப்பி, கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழ நிறுத்தணும். கழுத்தோட ஒட்டித் தண்ணி நின்னா சூட்டையெல்லாம் அதுவே இழுத்துக்கும், பத்த வைக்கற ஈயம் பிடிக்காது. மேல் வாய் திறந்தே இருக்கணும்.

கீறல் மட்டும்னா எனக்குப் பிடிச்சது ஈயம்தான். ஈயமும் தகரமும் கலந்த கம்பி 190 டிகிரி பக்கத்துலயே உருகிடும், பித்தளை வச்சு கேஸ்ல பத்த வைக்கணும்னா 900 டிகிரி வரைக்கும் போகணும், உங்க தங்கக் கோடு அங்கயே கருகிடும். ஈயத்துக்கும் கழுத்தைச் சுத்தி கொஞ்சம் பெயிண்ட் போகத்தான் செய்யும், ஈரத்துணி சுத்தி வச்சா அது மூடிக்கு அடியில மறையற அளவுலயே நின்னுடும். பழைய எபாக்ஸியை ஒரு துளி விடாம சுரண்டி, தகடு பளபளன்னு வெளிய வந்த பிறகு, துத்தநாகம் போட்டு வேகத்தை அடக்கின ஆசிட் தடவி, முதல்ல மெல்லிசா ஈயம் பூசி அதுக்கு மேலதான் கட்டணும். ரேடியோ ரிப்பேர் பண்ற குட்டி சால்டரிங் அயர்ன் இதுக்கு ஆகாது, தகடு சூட்டைக் குடிச்சிடும், நல்ல கனமான செம்புக் கட்டை வேணும். முடிஞ்சதும் ஆப்பசோடா தண்ணில கழுவலைன்னா மிச்ச ஆசிட் உள்ள இருந்து துரு பிடிக்க வச்சிடும்.

கழுத்தே ஆடுது, இல்ல உள்ள சரிவு தேஞ்சு மூடி எப்படித் திருப்பினாலும் நிக்கலைன்னா ஈயம் போதாது. அப்ப கழுத்தை வெட்டி எடுத்துட்டு வேற கழுத்து வச்சு பித்தளையிலதான் பத்த வைக்கணும், பெயிண்ட் போனது போனதுதான். முன்கூட்டியே கோட்டை நல்ல வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து, டிரேசிங் பேப்பர்ல நகல் எடுத்து வச்சிடுங்க, பெயிண்டருக்கு உதவும்.

எது செஞ்சாலும் கடைசியில மண்ணெண்ணெய் ஊத்தி, வெளிய சாக்பீஸ் தேய்ச்சு, ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்க. கம்ப்ரஸர் காத்து வச்சு டெஸ்ட் பண்ண விடாதீங்க, டேங்க் உப்பிடும்.

புதுக் கழுத்து தனியா எங்க கிடைக்கும்? லேத்ல கடைஞ்சுக்கலாமா?
*வாசகர், திண்டுக்கல்*

வட்டத்தை லேத்காரர் அரை மணி நேரத்துல கடைஞ்சிடுவாரு, உள்ள இருக்கற சரிவுதான் வம்பு, அது அச்சுல அழுத்தி எடுத்த தகடு. என் வழி என்னன்னா, அடி துருப்பிடிச்சு ஓட்டையான பழைய டேங்க் ஒண்ணைப் பிடிக்கறது. தண்ணி அடியில தங்கறதால துரு அங்கதான் முதல்ல தின்னும், மேல கழுத்து பெரும்பாலும் நல்லாவே இருக்கும். சென்னைன்னா புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தேடுங்க. உங்க மூடியைக் கையோட எடுத்துட்டுப் போங்க, கடையிலயே போட்டுத் திருப்பிப் பாத்துட்டுக் காசு குடுங்க. அந்த டேங்கையும் கழுவித் தண்ணி நிரப்பின பிறகுதான் வெட்டணும், அதுவும் ஆக்ஸா பிளேடால கையில, கிரைண்டர் வேணாம்.

வாஷர் மாத்தினதுல இருந்து கசிவு இல்ல, ஆனா கொஞ்ச தூரம் ஓடினதும் வண்டி நின்னுடுது. மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு சத்தம், அப்புறம் ஸ்டார்ட் ஆகுது.
*வாசகர், காரைக்குடி*

நோயை நீங்களே சொல்லிட்டீங்க. மூடில காத்து உள்ள போக ஒரு பொடி ஓட்டை உண்டு, புது வாஷர் அதை மூடியிருக்கும், இல்ல பாலிஷ் போட்ட மாவு அடைச்சிருக்கும். மெல்லிய கம்பி விட்டு எடுங்க. கசியுதுன்னு அந்த ஓட்டையை ஈயம் வச்சு அடைச்ச மகானும் உண்டு, மூடியைத் திருப்பி அதையும் பாத்துடுங்க.

ஈ20 பெட்ரோல் (நூத்துக்கு இருபது பங்கு எத்தனால் கலந்தது) வந்த பிறகு தக்கை வாஷர் சீக்கிரம் போகுதே, என்ன போடலாம்?
*வாசகர், மதுரை*

2023-ல சில பங்க்ல ஆரம்பிச்சது 2025-க்குள்ள கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் வந்துடுச்சு, தப்பிக்க வழியில்ல. நைட்ரைல் ரப்பர் ஷீட் வாங்கி வெட்டிக்கலாம், வைட்டான் ரப்பர் கிடைச்சா இன்னும் நல்லது, விலை கூட. பழைய வாஷரோட கனத்துக்கே வெட்டுங்க, மூடி ஒரு கையால திரும்பணும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டியை மாசக்கணக்கா நிறுத்தப் போறீங்கன்னா டேங்கை வடிச்சிடுங்க. வாய் வரைக்கும் ரொப்பவும் வேணாம், 14 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினா கால் லிட்டருக்கு மேல விரியும், அது எந்த வாஷரையும் தாண்டி வெளிய வரத்தான் பாக்கும்.