1950களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் தொழிலாளர் வீடுகளில் கணப்பு (அறையைச் சூடாக்கும் சுவர் அடுப்பு) எப்படி மூட்டினார்கள்? செய்தித்தாளை ஏன் அதன் முன்னால் பிடித்தார்கள்?

முதல் வேலை சாம்பல் அள்ளுவது. கரியைத் தாங்கும் கம்பித் தட்டுக்கு அடியில் சாம்பல் அடைத்திருந்தால் கீழிருந்து காற்று ஏறாது, நெருப்பும் பிடிக்காது. பாதி எரிந்த கரித்துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள். அவை மறுபடி எரியும்.

முறுக்கிய பழைய செய்தித்தாள், மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, அதன்மேல் முட்டை அளவு நிலக்கரி. பெரிய கட்டியை முதலிலேயே போட்டால் சுள்ளி எரிந்து தீர்ந்துவிடும், கரி கறுப்பாகவே கிடக்கும்.

அடுத்ததுதான் செய்தித்தாள் வித்தை. இரவெல்லாம் குளிர்ந்த புகைபோக்கியில் கனத்த காற்று இறங்கி நிற்பதால் புகை அறைக்குள் திரும்பும். கரி அள்ளும் கரண்டியைக் கணப்பு வாயில் நிமிர்த்தி வைத்து, அதன்மேல் முழுத்தாளை விரித்துப் பிடிப்பார்கள். மேல்வழி அடைபட்டதும் காற்று கம்பிக்கு அடியிலிருந்துதான் வந்தாக வேண்டும். நெருப்பு உறுமிக்கொண்டு எழும். தாளின் நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்த நொடியே எடுத்துவிட வேண்டும். தவறினால் எரியும் தாள் மேலே இழுக்கப்பட்டு, புகைபோக்கியின் உள்ளே படிந்த புகைக்கரியில் தீப்பிடிக்கும்.

இரவில் ஈரக் கரித்தூளைப் போட்டு மூடினால் காலைவரை கங்கு இருக்கும். ஆனால் புகை அதிகம். கொடியில் காயும் துணியில் கரிப்புள்ளி விழுவதற்கு இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கணப்புகளும் காரணம்.

1956இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கல்கரி (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும், புகை குறைந்த எரிபொருள்) வந்தது. அது சுள்ளிக்கெல்லாம் எளிதில் மசியாது. துளையிட்ட எரிவாயுக் குழாயை அடியில் செருகித்தான் பற்றவைக்க வேண்டியிருந்தது.