அறிவியல் கேள்வி பதில்: உடலுக்குள் ஒளிரும் அருமண் துகள்கள்

கேள்வி: எங்கள் மகள் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இட்ரியம், எர்பியம் போன்ற உலோகங்களான அருமண் தனிமங்களைக் கொண்ட மிக நுண்ணிய நானோ துகள்களை உருவாக்கும் ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். புற்றுக்கட்டியைப் படம்பிடிக்க அவை உதவுமாம். ஒளிரும் சாயங்கள் ஏற்கெனவே இருக்கும்போது இவை எதற்கு? – ஈசூன் வாசகி

பதில்: பல சாயங்களைத் தூண்ட நீல ஒளியோ பச்சை ஒளியோ தேவை. அந்த ஒளி பட்டால் நம் திசுக்களும் தாமாகவே மெல்ல ஒளிர்ந்து படத்தை மங்கச் செய்கின்றன. சாயமும் விரைவில் வெளுத்துவிடுகிறது. கைப்பேசி விளக்கின்மீது விரலை அழுத்திப் பாருங்கள், செந்நிறம் மட்டுமே கடந்து வரும். மற்ற நிறங்களை இரத்தம் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். அதை வாங்கி, அதைவிட ஆற்றல் மிகுந்த ஒளியாக மாற்றித் தருபவைதான் உங்கள் மகள் குறிப்பிடும் துகள்களில் முக்கியமான வகை.

இவற்றில் பெரிதும் ஆராயப்பட்டது சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு படிகம். அதில் இட்ரியத்தின் இடங்களில் சுமார் 20 விழுக்காட்டை இட்டெர்பியத்துக்கும் 2 விழுக்காட்டை எர்பியத்துக்கும் அளிப்பது வழக்கம். இட்டெர்பியம் 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சி, ஆற்றலை அருகிலுள்ள எர்பியத்திடம் ஒப்படைக்கிறது. இரு தவணைகளில் பெற்றதைச் சேர்த்து எர்பியம் பச்சை ஒளியை உமிழ்கிறது. ஆய்வுக்கூடத்தில், துகள்கள் கலந்த நிறமற்ற திரவத்தின் ஊடே அந்த லேசரைச் செலுத்தினால், கதிர் செல்லும் தடம் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும்.

ஆனால், பச்சை ஒளி ஆழத்திலிருந்து தோலுக்கு வெளியே வந்து சேர்வது கடினம். ஆகவே எர்பியத்துக்குப் பதிலாகத் தூலியத்தைச் சேர்த்து, 800 நானோமீட்டர் அளவில், அதாவது அண்மை அகச்சிவப்பிலேயே, ஒளிரச் செய்கிறார்கள். 980 நானோமீட்டர் ஒளியை நீர் உறிஞ்சித் திசு சூடாவதைக் குறைக்க, நியோடிமியத்தையும் சேர்த்து 808 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்துகிறார்கள். வடிவமைப்பின் நுட்பம் உண்மையில் மேற்பரப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. துகள் சிறியதாக ஆக, அதன் அணுக்களில் பெரும்பங்கு விளிம்பிலேயே அமைந்து, ஆற்றல் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளுக்குக் கசிந்துவிடுகிறது. ஒளிரும் தனிமங்கள் சேர்க்காத அதே படிகத்தால் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் உறை வளர்த்தால் ஒளிர்வு பன்மடங்கு கூடும். தயாரிப்பின்போது சேர்த்து அதன்மேல் எஞ்சியிருக்கும் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நீரோடு ஒட்டாததால், சிலிக்காவோ பாலிமரோ பூசிய பிறகே துகளை இரத்தத்தில் செலுத்த முடியும்.

கேள்வி: அவை உடலிலேயே தங்கிவிடாதா? – அதே வாசகி

பதில்: மிகவும் தேவையான கேள்வி. ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கும் சிறியவற்றையே சிறுநீரகம் எளிதாக வெளியேற்றும். நன்றாக ஒளிரும் துகள்களோ பெரும்பாலும் அதைவிடப் பெரியவை; அவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்குகின்றன. சிறிதாக்கினால் ஒளி மங்குகிறது, பெரிதாக்கினால் வெளியேறுவதில்லை. 2012ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய துகள்களைக் கொண்டு எலிகளின் கட்டிகளுக்கு, ஒளியால் மருந்தைத் தூண்டும் ஒளிவழிச் சிகிச்சை அளித்துக் காட்டியது பெருமைக்குரியது. எனினும் நம் மருத்துவமனைகளில் இவை வழக்கமான பரிசோதனையாக இன்னும் வரவில்லை. மேலும் பிரகாசமான துகளைவிட, வேலை முடிந்ததும் உடலை விட்டு முழுமையாக நீங்கும் துகளை உருவாக்குவதே கடினமானது. உங்கள் மகளின் தலைமுறை அதற்குத்தான் முன்னுரிமை தர வேண்டும்.

கேள்வி: எம்ஆர்ஐ பரிசோதனைக்கு முன் செலுத்தும் கடோலினியமும் இதுபோன்றதா? – பிடோக் வாசகர்

பதில்: அதுவும் அருமண் தனிமமே. ஆனால் அது ஒளிர்வதில்லை. அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் காந்தக் குறிப்பலையை மாற்றிப் படத்தைத் தெளிவாக்குகிறது. துகளாக அன்றி, கரிம மூலக்கூறு ஒன்றின் பிடியில் இருப்பதால் அதன் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.