பாலைவனத்துக் கொக்குகளைப் பார்க்க லோன் வாங்கலாமா?

கேள்வி: சூலூர்ப்பேட்டையில் இருக்கிறோம். வரும் சங்கராந்தி லீவில், பத்து நாளில், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சொந்தக் காரிலேயே ராஜஸ்தான் போய்வர ஆசை. கீச்சன் கிராமத்துக் கொக்குகள், ஜெய்சல்மேர் கோட்டை, மணல்மேடு எல்லாம் பார்க்க வேண்டும். 2 லட்சம் ஆகும் போலிருக்கிறது. மகள் காலேஜுக்காகக் கட்டிவரும் ஏலச்சீட்டை இப்போதே எடுப்பதா, பர்சனல் லோன் போடுவதா? மாதம் 7,000 ரூபாய் வரை கட்ட முடியும்.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் கட்டாயம் போய்வாருங்கள், அடுத்த சங்கராந்திக்கு.

2 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 6,835 ரூபாய். வட்டி மட்டும் 46,000. சீட்டோ மகளுடையது. பாதியில் எடுத்தால் போகிற கழிவு அவள் ஃபீஸிலிருந்துதான் போகும்.

அப்புறம் அந்தக் கார். உங்கள் ஊரிலிருந்து ஜெய்சல்மேர் போக வர 4,500 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒருவரே ஓட்டினால் பத்து நாளில் எட்டு நாள் ரோட்டிலேயே கழியும். விலை குறைவென்று பெட்ரோலுக்கு ஆந்திர எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஆரம்பாக்கம் போய் நிரப்பிவரும் கணக்கு தெரிந்தவர் நீங்கள், இதையும் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 300 லிட்டர், 30,000 ரூபாய்க்கு மேல். வழியில் தங்கும் அறைகள் தனி.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேர் ரயில் உண்டு. எந்தக் கிழமை ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஜோத்பூரில் வாடகைக் கார் எடுத்தால் ஜெய்சல்மேர் போகிற வழியிலேயே பலோடி, அதை ஒட்டிக் கீச்சன். நீங்கள் ஆசைப்படும் பாலைவன ரோடு அந்த 300 கிலோமீட்டர்தான், அதைக் காரிலேயே போகலாம். ரயிலுக்கு 22,000, ஐந்து நாள் காருக்கு 18,000, அறைக்கு 12,500, சாப்பாட்டுக்கு 15,000, ஒட்டகம், ஜீப், நுழைவுச்சீட்டுக்கு 8,000, கைக்காவலுக்கு 10,000 என்று ஒதுக்குங்கள். மொத்தம் 85,500.

வங்கிக்கு மூன்று வருடம் கட்டத் தயாராக இருந்த அதே 7,000-ஐ ஒரு வருடம் ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் வைப்புக் கணக்கில், போடுங்கள். 6.5 சதவீத வட்டியில் 87,000 பக்கம் கைக்கு வரும்.

அறை மலிவு என்று மட்டும் மே மாதத்துக்கு மாற்றிவிடாதீர்கள். மங்கோலியா பக்கமிருந்து இமயமலை தாண்டி வரும் அந்தக் கொக்குகள், ஊரார் குர்ஜா என்று அழைப்பவை, மார்ச்சோடு திரும்பிவிடும். ஊர்க்காரர்கள் தானியம் தூவுகிற இடத்தில் காலையில் அவை ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கோட்டை 1156-இல் கட்டியது, எங்கும் போகாது.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும். நவம்பர் நடுவில் பணம் தேவைப்படும், அதற்குள் முதிரும்படி ஆர்.டி.யைத் தொடங்குங்கள். இந்தச் சங்கராந்திக்கு ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுப் பூநாரைகளும் நேலப்பட்டு சரணாலயத்துக் கூழைக்கடாக்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போங்கள், கீச்சனுக்கும் அதுவே ஆகும்.