ஒரே கொடி, இரண்டு ருசி: சுங்கை சிப்புட்டில் சிராஸ் வருமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பழைய கித்தா மரங்களை வெட்டிவிட்டேன். மகன் ஆஸ்திரேலியாவின் பரோசா சிராஸ் வைன் ஒரு போத்தல், பிரான்சின் சிரா வைன் ஒரு போத்தல் கொண்டுவந்தான். இரண்டும் ஒரே திராட்சைக் கொடி என்கிறான். ருசியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காரணம் என்ன? சிவப்பு வைனுக்காக 200 கொடி நடலாமா?

பதில்: ஐயா, 200 கொடிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். காரணம் உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

மகன் சொன்னது சரிதான். சிராவின் ஊர் பிரான்சின் ரோன் ஆற்றங்கரை. 1832இல் திராட்சை வளர்ப்பு முன்னோடி ஜேம்ஸ் பஸ்பி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன குச்சிகளில் அதுவும் இருந்தது; அங்கே அதற்குச் சிராஸ் என்று பெயர். வட ரோனில் எர்மிட்டாஜ், கோர்னாஸ் மலைச்சரிவுகளில் பழம் நிதானமாகப் பழுக்கும். புளிப்பு நிற்கும், துவர்ப்பு இறுக்கமாக இருக்கும். பரோசாவில் வறண்ட கோடை, கொளுத்தும் வெயில். சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிவிடும். அதனால் கொழகொழவென்று பிளம் பழ வாசமும், பெரும்பாலும் 14 விழுக்காட்டைத் தாண்டிய சாராயச் சத்தும்.

ரோன் போத்தலில் மிளகு வாசம் அடித்திருக்குமே? ரசத்துக்கு மிளகு தட்டும்போது எழும் அதே வாசம்தான். இரண்டுக்கும் காரணம் ரோட்டன்டோன் என்ற ஒரே பொருள். திராட்சையில் அது இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பழத்தோலில் சேரும் அது, குளிர்ந்த இடத்தில் கூடும், வெயிலில் குறையும். மண்ணுக்கும் பங்குண்டு; ஆனாலும் குளிருக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்கு இரவில்கூடப் பெரும்பாலும் 23, 24 டிகிரி சூடு இருக்கும். அந்தச் சூட்டில் பழத்தின் புளிப்பு கரைந்துபோகும், தோலில் நிறம் சரியாகப் பிடிக்காது. குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழும் கொடி அது. இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே மழை. காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். பழுக்கும் வாரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துக் குலையே அழுகும்.

இந்தியாவில் வைன் திராட்சை விளையும் நாசிக்கும் வெப்பநாடுதானே என்று கேட்பீர்கள். அது சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் கவாத்து செய்து, மழையில்லாத குளிர் மாதங்களில் பழுக்க வைக்கிறார்கள். நமக்கு அப்படி ஒதுக்கி வைக்க வறண்ட மாதங்கள் ஏது? கேமரன் மலையில் குளிர் உண்டு, மழை அதைவிட உண்டு.

இன்னொன்று: கலால் உரிமம் இல்லாமல் இங்கே வைன் தயாரிக்கக் கூடாது. வெளிநாட்டுக் குச்சியை மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் கூடாது. செடிகளின் இறக்குமதியைக் கண்காணிக்கும் அரசுத் துறையான மாகிஸ் அனுமதி வேண்டும்.

ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை வெப்பத்துக்குப் பழகியது. உள்ளூர் நர்சரியில் வேர்விட்ட குச்சி கிடைத்தால் நாலு மட்டும் வாங்கி, பந்தல் போட்டு, மேலே மழை படாமல் தெளிவான பிளாஸ்டிக் கூரை கட்டுங்கள். கூரைதான் பாதி மருந்து. மீதிக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக் கொல்லி: 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்த இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகே தெளிக்க வேண்டும்.

கொடி பந்தலேறித் தண்டு பென்சில் கனம் ஆனதும் எழுதுங்கள். எத்தனை கணு விட்டுக் கவாத்து செய்வது என்று அப்போது சொல்கிறேன்.